நிறம் தெரியாத பஞ்சவர்ணக்கிளி

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில் கால் துண்டு யாருக்கு என்று பல வீடுகளில் சண்டையே நடக்கும். அந்தத் துண்டின் நடுவில் இருக்கும் எலும்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே எலும்புதான், இடது காலில் இருப்பது. ஆனால் கோழியுடையது அல்ல, ஒரு கிளியுடையது. 1934இல் கரீபியன் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில், கன்கோர்டியா என்ற இடத்தில், எல். ஜே. கோர்ன் என்பவர் ஒரு பழைய குப்பைமேட்டைத் தோண்டியபோது அது கிடைத்தது. கொலம்பஸ் வருவதற்கு முன்பு அங்கே குடியிருந்த மக்கள் தங்கள் அடுக்களைக் கழிவைக் கொட்டிய மேடு அது.

எலும்பு அமெரிக்கப் பறவையியலாளர் அலெக்சாண்டர் வெட்மோரின் கைக்கு வந்தது. பின்னாளில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் ஆனவர் இவர். அங்கே செயலாளர் என்றால் தலைமைப் பதவி. பறவை எலும்புகளைப் படிப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. இந்த ஒற்றை எலும்பை வைத்துக்கொண்டு 1937இல் அவர் ஒரு புதிய கிளி இனத்தை அறிவித்தார். மக்காவ் வகைக் கிளி, அதாவது நாம் பஞ்சவர்ணக்கிளி என்று சொல்லும் நீண்ட வால் கொண்ட அமெரிக்கப் பெருங்கிளிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஐந்து வண்ணமோ ஒரு வண்ணமோ, இந்தக் கிளியின் நிறத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, வரைந்து வைக்கவில்லை. ஓர் இறகு கூடக் கிடைக்கவில்லை. இதற்கு வண்ணம் தீட்ட நினைக்கும் ஓவியர், கியூபாவில் வாழ்ந்து மறைந்த சிவப்பு மக்காவைப் பார்த்துக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஒரே ஓர் எலும்பை வைத்து ஓர் இனத்தையே அறிவித்துவிட முடியுமா என்று கேட்பது நியாயம். பல சமயங்களில் முடியாது. ஆனால் பறவையின் காலிலுள்ள இந்த எலும்பு சற்றே தாராளமாகப் பேசக்கூடியது. இதன் கீழ்முனை கணுக்காலாக அமைகிறது. பறவை காலை மடக்கும்போது முழங்கால் பின்பக்கமாக மடங்குவதுபோலத் தோன்றுகிறதே, அது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. கணைக்கால் எலும்பும் கணுக்காலின் மேல்வரிசைச் சிற்றெலும்புகளும் ஒன்றாக இணைந்து உருவானதால், அந்த இணைப்பின் வடிவம், முனைகளிலுள்ள மேடு பள்ளங்கள், தண்டின் பருமன் ஆகியவை கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடும். இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகக் கிளையைப் பற்றுகிற கிளிக்கு, ஓடித் திரியும் கோழிக்கு உள்ளது போன்ற நெட்டைக் கால் தேவையில்லை. எனவே கிளி என்று சொல்வது எளிது. அளவைப் பார்த்து மக்காவ் என்று சொல்வதும் பெரிய கஷ்டமல்ல. எந்த மக்காவ் என்பதில்தான் வேலை இருக்கிறது. தென் அமெரிக்காவின் பெரிய மக்காவ்களைவிட இது சிறியது, சின்ன மக்காவ்களைவிடப் பெரியது. இந்த நடுத்தர அளவில் இருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, ஏறக்குறைய 50 செ.மீ. நீளமிருந்த கியூபா மக்காவ்.

எலும்பு இன்னொன்றையும் சொன்னது: இறந்த பறவை முழு வளர்ச்சி அடையாதது. இதற்கும் சமையலறையிலேயே விளக்கம் இருக்கிறது. பிராய்லர் கோழியின் கால் எலும்பை நுனியில் கடித்தால் மெத்தென்று நொறுங்கும்; ஏறக்குறைய நாற்பது நாளில் கறிக்கடைக்கு வந்துவிடும் பறவை அது, எலும்பு முனைகள் இன்னும் குருத்தாகவே இருக்கும். வயதான நாட்டுக்கோழியின் எலும்போ பல்லைப் பதம் பார்த்துவிடும். மண்ணில் நூற்றாண்டுகள் கிடந்த எலும்பிலும் இந்த வேறுபாடு மறைவதில்லை. குருத்து அழிந்து போகும், ஆனால் அது இருந்த முனையின் சொரசொரப்பும் நுண்துளைகளும் தங்கிவிடும். வெட்மோர் பார்த்தது இளம் பறவையின் எலும்பு. இந்தச் சின்ன விவரம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அவர் வைத்த பெயர் ஆரா ஆட்டோக்தோனெஸ். ஆரா என்பது மக்காவ்களின் பேரினம். ஆட்டோக்தோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அந்த மண்ணிலிருந்தே முளைத்தவர் என்று பொருள். தமிழில் மண்ணின் மைந்தன் என்று சொன்னால் அச்சு அசலாகப் பொருந்தும். சிக்கலும் இந்த அழகான பெயரிலிருந்தே தொடங்குகிறது. மண்ணின் மைந்தன் சரி. எந்த மண்?

குப்பைமேட்டில் ஓர் எலும்பு கிடக்கிறது என்றால், அந்தப் பறவை கடைசியாக அங்கே தூக்கி எறியப்பட்டது என்பது மட்டும்தான் உறுதி. அது எங்கே பிறந்தது, எங்கே பறந்தது என்பதற்கு அந்த மேடு சாட்சி சொல்லாது. உள்ளூர்க் காட்டில் வேட்டையாடிச் சமைத்திருக்கலாம். வேறொரு தீவிலிருந்து கைமாறி வந்து, வீட்டில் வளர்ந்து, இறந்த பின் குப்பையோடு போயிருக்கலாம். அந்தக் கடலில் இரண்டாவது வகை ஒன்றும் அபூர்வமானதல்ல. 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸின் கப்பல்களை நோக்கி நீந்தி வந்த தீவுவாசிகள் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது: கிளிகள், பருத்தி நூல் உருண்டைகள், ஈட்டிகள். முன்பின் தெரியாதவனைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்லும் பொருளாகக் கிளி அங்கே ஏற்கெனவே இருந்தது.

அந்த மக்களின் முன்னோர் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்திலிருந்து, இன்றைக்குச் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, தோணிகளில் தீவு தீவாக வடக்கே ஏறி புவேர்ட்டோ ரிக்கோ வரை வந்தவர்கள். வெறுங்கையோடு வரவில்லை. நாயைக் கொண்டுவந்தார்கள், அகூட்டி என்ற காட்டுக் கொறிவிலங்கைக் கொண்டுவந்து தீவுகளில் விட்டார்கள், பின்னர் கினிப்பன்றியும் வந்து சேர்ந்தது. இவ்வளவையும் தோணியில் ஏற்றியவர்கள், தோளில் உட்கார்ந்து வரக்கூடிய கிளியை மட்டும் விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கடலில் பெயர் ஏமாற்றியதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1916இல் புவேர்ட்டோ ரிக்கோ குகையொன்றில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, ஹூத்தியா என்ற கொறிவிலங்குக் குடும்பத்தில் ஓர் இனம் அறிவிக்கப்பட்டது. கிடைத்த இடத்தை வைத்து ஐசோலோபோடான் போர்ட்டோரிசென்சிஸ், அதாவது புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தது, என்று பெயரிட்டார்கள். பிறகு பார்த்தால் அந்த விலங்கின் சொந்த ஊர் பக்கத்திலுள்ள இஸ்பானியோலா தீவு. மக்கள் அதைக் கறிக்காகப் பிடித்து, வளர்த்து, புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் அங்கிருந்து கிழக்கே செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய் தீவுகளுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். செயின்ட் குரோயின் குப்பைமேடுகளில் அதன் எலும்பு கிடைக்கிறது. நம் கிளியின் எலும்பு கிடைத்ததும் அதே தீவின் குப்பைமேட்டில்தான். ஒன்று தோணியில் வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மற்றொன்று அந்த மண்ணிலேயே முளைத்தது என்று எந்த ஆதாரமும் இல்லாமல் சொல்வது எப்படிப் பொருந்தும்?

எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒற்றைக் கால் எலும்புதான் இந்த இனத்தின் மொத்தச் சொத்து. அது உண்மையிலேயே தனி இனமா, ஏற்கெனவே தெரிந்த ஏதாவதொரு மக்காவின் குஞ்சா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. 2008இல்தான் துணைக்கு இன்னொரு பறவை வந்தது. புவேர்ட்டோ ரிக்கோவின் தெற்குப் பகுதியில், புக்கானா ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள எர்னாண்டஸ் கோலோன் என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த எலும்புகளை ஸ்டோர்ஸ் ஓல்சனும் எட்கர் மைஸ் லோபஸும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். கி.பி. 300ஐ ஒட்டிய காலம். இந்த முறை ஒரே எலும்பு அல்ல. தோள், இறக்கை, கால் என ஒரே பறவையின் பல பாகங்களின் துண்டுகள். அளவு வெட்மோரின் எலும்போடு ஒத்துப்போனது. தெரிந்த எந்த மக்காவோடும் ஒத்துப்போகவில்லை. ஆக, இனம் உண்மை. அந்தக் கட்டுரையின் தலைப்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது: மேற்கிந்தியத் தீவுகளின் செல்லத்தக்க மக்காவ் இனம், ஆனால் பூர்விகம் தெரியாதது. மண்ணின் மைந்தன் என்று பெயர் பெற்ற பறவைக்கு எழுபது ஆண்டு கழித்து வந்த சான்றிதழில், சொந்த ஊர் என்ற இடம் காலியாக விடப்பட்டது.

இரண்டாவது பறவை வந்தது நல்லதுதான், ஆனால் ஒரு வகையில் அது குழப்பத்தைக் கூட்டியும் விட்டது. இரண்டு தீவுகளிலும் கிடைக்கிறதே, அப்படியானால் இரண்டிலும் வாழ்ந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். கடலின் ஆழத்தைப் பார்த்தால் அந்த அவசரம் அடங்கிவிடும். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது, புவேர்ட்டோ ரிக்கோவும் அதன் கிழக்கேயுள்ள செயின்ட் தாமஸ் முதலிய தீவுகளும் ஒரே நிலமாக இருந்தன. விலங்குகள் நடந்தே போய்வரலாம். செயின்ட் குரோய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை. இடையில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடற்பள்ளம் கிடக்கிறது. நூறு கிலோமீட்டர் கடலைக் கடந்து ஒரு மக்காவ் பறந்துவிட முடியாது என்று சொல்ல மாட்டேன். தீவுகளுக்குக் கிளிகள் முதலில் வந்து சேர்ந்ததே பறந்துதானே. ஆனாலும் இரு தீவுகளிலும் அந்த எலும்பு மனிதர் குடியிருந்த இடத்தில் மட்டும் கிடைத்திருப்பது யோசிக்க வைக்கிறது. இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது காடு அல்ல, அடுப்பு.

இப்போது அந்த இளம் பறவை விவரத்துக்கு வருவோம். இளம் பறவை என்றால் அருகிலேயே கூடு இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிளி பிடிப்பவர்கள் வளர்ந்த பறவையின் பின்னால் போவதில்லை. மரப்பொந்தில் கையை விட்டுக் குஞ்சை எடுப்பார்கள். குஞ்சுதான் பழகும், பேசும், விலை போகும். ஆகவே வளர்ச்சி முடியாத பறவையின் எலும்பு, உள்ளூர்க் கூட்டுக்கும் சாட்சி, வெளியூர்ச் சரக்குக்கும் சாட்சி. ஒரே தடயம் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் வாதாடுகிறது.

இந்தக் கடலின் மக்காவ்களைப் பற்றிப் படிக்கும்போது இதற்கு நேரெதிரான இன்னொரு வேடிக்கையும் கண்ணில் படும். இங்கே எலும்பு இருக்கிறது, ஊர் இல்லை. அங்கே ஊரும் பெயரும் நிறமும் இருக்கின்றன, எலும்பு இல்லை. 1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெரும் பணக்காரப் பறவைச் சேகரிப்பாளர் வால்டர் ராத்ஸ்சைல்டும், அமெரிக்கரான ஆஸ்டின் கிளார்க்கும் பழைய பயணிகளின் குறிப்புகளை வைத்தே தீவுக்கொரு மக்காவை அறிவித்தார்கள். ஜமைக்காவுக்கு ஒரு சிவப்பு மக்காவ், டொமினிக்காவுக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்தது, குவாதலூப் தீவுக்கு ஊதா நிறத்தில் ஒன்று. ஜமைக்காக் கிளிக்கு ஆதாரம், 1765 வாக்கில் சுடப்பட்டுப் பாடம் செய்து வைத்திருந்த ஒரே பறவையைப் பற்றி ஒருவர் எழுதி வைத்த வருணனை. அந்தப் பறவை இன்றில்லை. ஊதாக் கிளியின் கதை இன்னும் பரிதாபம். 2015இல் அர்னோ லெனோபிள் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, அப்படி ஒரு மக்காவ் இருந்ததே இல்லை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்.

எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. குவாதலூப்பில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ழான் பத்தீஸ்த் து தெர்த்ர் 17ஆம் நூற்றாண்டில் எழுதியதைப் படித்தால், மனிதர் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறார் என்பது புரியும். ஒரு பச்சை மரத்தில் பத்துப் பன்னிரண்டு மக்காவ்கள் கூடி உட்கார்ந்திருப்பதைவிட அழகான காட்சி உலகில் இல்லை என்கிறார். மன்சினீல் என்ற மரத்தின் பழத்தை அவை தின்பதையும் சொல்கிறார். மனிதன் தின்றால் வாயும் தொண்டையும் வெந்துபோகும் நச்சுப்பழம் அது. இதுபோன்ற விவரத்தை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்ய முடியாது. சந்தேகம் வேறு இடத்தில்: அவர் பார்த்த கிளிகள் அந்தத் தீவுக்கே உரியவையா, கண்டத்திலிருந்து கொண்டுவந்தவற்றின் வாரிசுகளா?

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உதவியது மறுபடியும் ஓர் எலும்புதான். குவாதலூப்பை ஒட்டியுள்ள மாரி கலாந்த் என்ற குட்டித் தீவில், முதலில் ஒரு கால்விரல் நுனி எலும்பு கிடைத்தது. 2001இல் மக்காவ் என்றார்கள், ஓல்சனும் மைஸும் அது இன்றும் டொமினிக்காவில் வாழும் பெரிய அமேசான் கிளியுடையதாக இருக்கலாம் என்று மறுத்தார்கள். விரல் நுனியை வைத்து இதற்கு மேல் சண்டை போட வழியில்லை. பிறகு 2015இல் மோனிக்கா காலாவும் அதே லெனோபிளும் அங்குள்ள குகையில் கிடைத்த ஓர் இறக்கை எலும்பை மக்காவ் என்று அடையாளம் கண்டார்கள். அது குப்பைமேட்டு எலும்பு அல்ல. பனியுகத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த படிவில் கிடந்தது; தோணியோ, அடுப்போ, கிளியைத் தோளில் வைத்த மனிதனோ அந்தத் தீவுக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது. அந்த மக்காவை யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. மண்ணின் மைந்தன் என்ற பெயர் நியாயமாகப் போயிருக்க வேண்டியது அதற்குத்தான்.

ஆகவே செயின்ட் குரோய்க் கிளியின் வழக்கைத் தீர்க்க எந்த மாதிரிச் சாட்சி வேண்டும் என்பது தெளிவு: மனிதர் வருவதற்கு முந்தைய படிவில், குகையிலோ சுண்ணாம்புப் பிளவிலோ, இதே அளவுள்ள மக்காவின் எலும்பு. எந்தத் தீவில் அது கிடைக்கிறதோ அதுவே சொந்த ஊர், அல்லது சொந்த ஊர்களில் ஒன்று. கிளி எலும்பு குகைகளில் எளிதில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீவுக் குகைகளின் சிற்றெலும்புகளில் பெரும்பகுதி ஆந்தை விழுங்கித் துப்பிய மிச்சம். ஆந்தைக்குச் சின்னப் பறவையும் வௌவாலும் எலியும் அடங்கும். இவ்வளவு பெரிய அலகுள்ள மக்காவோடு அது மோதாது. மரத்தில் வாழ்ந்து மரத்தடியில் சாகும் பறவையின் எலும்பு, வெப்பமண்டலக் காட்டு மண்ணில் சீக்கிரமே மக்கிவிடும்.

ஆய்வகத்திலும் ஒரு வழி இருக்கிறது. எலும்பு வளரும்போது தின்ற உணவின் தடம் அதிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளில், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தில், பதிகிறது. மக்காச்சோளம் தின்று வளர்ந்த பறவையின் கார்பன் கணக்கும், காட்டுப் பழமும் கொட்டையும் தின்று வளர்ந்த பறவையின் கணக்கும் ஒன்றல்ல. சிலே நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் கி.பி. 1100க்கும் 1450க்கும் இடைப்பட்ட காலத்துக் கிளிகளின் உலர்ந்த உடல்கள் கிடைத்திருக்கின்றன. வறண்ட பாலை நிலம், அங்கே மக்காவ்! ஹோசே கப்ரிலெஸ் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், அவை ஆண்டிஸ் மலைக்கு அப்பாலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதும், தம்மை வளர்த்தவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு வாழ்ந்தவை என்பதும் தெரிந்தன. கடற்பறவை எச்சத்தை உரமாகப் போட்டு விளைவித்த சோளத்தின் அடையாளம் கிளியின் உடலில் வரை ஏறியிருந்தது. இறகுக்காகத்தான் இத்தனை பாடு. மலையைத் தாண்டியே கிளியை இப்படிக் கொண்டுபோயிருக்கும்போது, தீவுக்குத் தீவு தோணியில் போவது எம்மாத்திரம்?

கரீபியன் எலும்பில் இதே சோதனை செய்தால் கூண்டில் வளர்ந்ததா, காட்டில் வளர்ந்ததா என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் இளம் பறவையின் சிறு எலும்பில் துளையிட்டு மாதிரி எடுப்பதற்கு அருங்காட்சியகத்தார் யோசிப்பார்கள். பெயர் நிற்பதே அந்த எலும்பின் மேல்தான். அது கெட்டால் இனத்தின் மூல ஆவணமே கெட்டது. மரபணு எடுப்பதும் எளிதல்ல. கியூபா மக்காவுக்குப் பாடம் செய்த உடல்கள் சுமார் இருபது உலகெங்கும் இருக்கின்றன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து மரபணுவை எடுத்து 2018இல் அதன் உறவுமுறையை வெளியிட்டுவிட்டார்கள். வெயிலும் ஈரமும் மாறி மாறி வாட்டிய மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்த எலும்பில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது.

என் கணிப்பைக் கேட்டால், இந்தக் கிளி தென் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததல்ல. அங்கே வாழும் மக்காவ்கள் எல்லாம் அளந்து பார்க்கப்பட்டவை. இதன் அளவில் ஒன்று கண்டத்தில் வாழ்ந்து, அங்கே எந்தச் சுவடும் இல்லாமல் அழிந்து, இரண்டு தீவுக் குப்பைமேடுகளில் மட்டும் எலும்பை விட்டுச் சென்றது என்பதை நம்ப நிறையத் தயவு வேண்டும். தீவுப் பறவைதான். புவேர்ட்டோ ரிக்கோ பெரிய தீவு, மலைக்காடு கொண்டது. ஒரு மக்காவுக்கு வீடாக இருக்க அதற்குத்தான் அதிக வாய்ப்பு என்று எனக்குப் படுகிறது. செயின்ட் குரோய்க்கு அது விருந்தாளியாகப் போயிருக்கும், இளம் வயதிலேயே, யாரோ ஒருவர் தோணியில். நாளை ஒரு குகையில் ஓர் எலும்பு கிடைத்தால் நான் சொன்னது தலைகீழாகலாம்.

அப்படி எது கிடைத்தாலும் பெயர் மாறப்போவதில்லை. விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதியில், முதலில் முறைப்படி வைத்த பெயர் பொருந்தவில்லை என்பது அதை மாற்றக் காரணமாகாது. இஸ்பானியோலாவில் பிறந்த அந்த ஹூத்தியா இன்றும் நூல்களில் புவேர்ட்டோ ரிக்கோக்காரன்தான். இந்தக் கிளியின் பூர்விகம் நாளை எந்தத் தீவில் தெரியவந்தாலும், செயின்ட் குரோயில் கிடைத்த அந்த இடது கால் எலும்பின் சீட்டில் ஆட்டோக்தோனெஸ் என்றுதான் இருக்கும்.